கரண்ட் பில்லை யார் கட்டுவது? புலம்பெயர்ந்தோர் காசும் திருகோணமலையும்

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில், மூதூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம். அங்கே ஒரு கணினி அறை இருக்கிறது. சுவருக்கு இளநீலப் பெயின்ட், வாசலில் கறுப்புக் கிரனைட் கல், அதில் பொன் எழுத்துகள்: நன்கொடை தந்தவரின் தாய் தகப்பன் பெயர், திறந்துவைத்த திகதி, வந்திருந்த பிரமுகர்கள். உள்ளே 12 கணினிகள். போன வருடம் நான் பார்த்தபோது எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது. உறைக்கு மேல் தூசி, ஒரு கீபோர்ட்டில் பல்லி முட்டை. அறையின் திறப்பு (சாவி) பள்ளி அதிபரின் மேசை லாச்சிக்குள் கிடந்தது. திறப்பு விழா நடந்து அப்போது நாலு வருடமாகியிருந்தது. அந்தச் சாவி அதற்குப் பிறகு அதிகம் வெளியே வந்திருக்கவில்லை.

அதிபரைக் குறை சொல்ல முடியாது. ஏசியைப் போட்டால் கரண்ட் பில் எகிறுகிறது. அதைத் தாங்கப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கில் காசில்லை. கணினி படிப்பித்த ஆசிரியை இடமாற்றம் எடுத்துக்கொண்டு போய்விட்டார், பதிலுக்கு ஆள் வரவில்லை. கடற்காற்று வேறு. உப்புப் பட்டு வயர் முனைகள் பச்சை பிடிப்பது இந்தக் கரையில் இருக்கிற எவருக்கும் தெரியும். அறையைக் கட்டித் தந்தவரையும் குறை சொல்ல முடியாது. ஐரோப்பாவில் இரண்டு வேலை செய்து அவர் சேர்த்த காசு அது. அவரிடம் ஊர் கேட்டது ஒரு கட்டடம், அவர் கொடுத்தார். மாதாமாதம் வரப்போகும் பில்லைப் பற்றி யாரும் அவரிடம் வாய் திறக்கவில்லை.

புலம்பெயர்ந்தவர்கள் தாயகத்துக்கு என்ன செய்யலாம் என்று யாராவது பேச்சை எடுத்தால் எனக்கு அந்த லாச்சிதான் ஞாபகம் வருகிறது. காசு வராமல் இல்லை. வருகிற காசு மண்டபமாக, மதிலாக, கோபுரமாக, வளைவாக வருகிறது. அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் வருகிற செலவுக்குத்தான் ஆளில்லை.

முதலில் யாரைப் புலம்பெயர்ந்தோர் என்கிறோம் என்று பார்ப்போம். திருகோணமலையில் அந்தச் சொல்லைச் சொன்னவுடன் ரொறன்ரோ, லண்டன், சூரிச், ஒஸ்லோ என்றுதான் நினைப்பு ஓடும். 1983 இனக் கலவரத்துக்குப் பிறகும், 1990 யூனில் போர் மறுபடி மூண்ட பிறகும் போனவர்கள் அவர்கள். ஆனால் கிண்ணியாவில் போய்க் கேளுங்கள், ‘வெளிநாடு’ என்றால் கட்டார், சவூதி, குவைத். சாரதியாக, கட்டடத் தொழிலாளியாக, வீட்டுப் பணிப்பெண்ணாகப் போனவர்கள். அவர்களுக்கு அங்கே குடியுரிமை கிடைக்கப் போவதில்லை, ஒப்பந்தம் முடிந்தால் திரும்பி வர வேண்டியவர்கள். மூன்றாவது ஒரு கூட்டமும் இருக்கிறது, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 1990இலும் பிறகு 2006இலும் படகேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, தமிழ்நாட்டு முகாம்களில் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளும் அங்கேயே படித்து வளர்ந்த குடும்பங்கள். 2006இல் அப்படிப் போனவர்களில் திருகோணமலை மாவட்டத்தார்தான் அதிகம். அனுப்ப அவர்களிடம் காசில்லை. ஆனால் அங்கே பொறியியலும் தாதியர் படிப்பும் முடித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். நாளை திரும்பி வந்தால் அவர்களுடைய பட்டத்துக்கு இங்கே என்ன மதிப்பு, பிறப்புப் பதிவுக்கு யாரைப் பிடிப்பது என்பதெல்லாம் இன்னும் கச்சேரிப் (மாவட்டச் செயலகப்) படியேறி அலைகிற விஷயங்கள்தான்.

சரி, காசுக் கணக்குக்கு வருவோம். வெளிநாட்டில் உழைப்பவர்கள் வங்கி வழியாக இலங்கைக்கு அனுப்பிய தொகை 2020இல் சுமார் 710 கோடி டொலர். 2022இல் அது 380 கோடிக்கும் கீழே விழுந்தது. 2024இல் மறுபடி 650 கோடியைத் தாண்டியது. நடுவில் ஆட்கள் அனுப்புவதை நிறுத்திவிடவில்லை. வங்கிகள் டொலரை 203 ரூபாயில் கட்டிப்பிடித்து வைத்திருந்த காலம் அது. வங்கிக்கு வெளியே காசு கைமாற்றிக் கொடுக்கிற உண்டியல்காரர் அதைவிடக் கூடக் கொடுத்தார். அப்புறம் யார் வங்கிக்குப் போவார்கள்? 2022 மார்ச்சில் அந்தப் பிடியை விட்டவுடன் டொலர் 300 ரூபாயையும் தாண்டிப் பறந்தது. அடுத்த மாதமே நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அறிவித்தது. உண்டியலை ஒழிக்கப் பொலிஸ் தேவையில்லை, நேர்மையான மாற்று விகிதம் போதும் என்று அந்த ஒரு வருடத்திலேயே தெரிந்துவிட்டது.

இந்தப் பணத்தில் பெரும்பங்கு வளைகுடாவில் இருந்து வருவது. அது வீட்டுக்குள் போகிறது: அரிசி, மருந்து, டியூஷன், அடகு மீட்பது, கூரை போடுவது. இதை அபிவிருத்தி இல்லை என்று சிலர் ஒதுக்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாலையூற்றில் மகன் அனுப்புகிற காசில் மாதாமாதம் இன்சுலின் வாங்குகிற ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். அந்தக் காசு எந்த மண்டபத்தையும்விட நல்ல முதலீடு. ஊர்ப் பொதுக் காரியத்துக்கென்று தனியாகச் சேர்த்து அனுப்புகிற காசு இருக்கிறதே, சிக்கல் அதில்தான்.

ஊர்ப் பொதுக் காசு என்ற யோசனை நம்முடையது மட்டுமல்ல. மெக்சிக்கோவின் சகதேகாஸ் மாநிலத்தில் இருந்து அமெரிக்காவுக்குப் போன தொழிலாளர்கள் ஊருக்கு ஒரு சங்கம் வைத்துக் காசு சேர்த்தார்கள். 2002இல் அதை நாடு முழுவதற்குமான திட்டமாக்கினார்கள். சங்கம் ஒரு டொலர் போட்டால் மத்திய அரசு, மாநில அரசு, உள்ளூராட்சி மூன்றும் ஆளுக்கு ஒரு டொலர் போடும். ‘ஒன்றுக்கு மூன்று’ என்றே அதற்குப் பெயர். குடிநீர், தெரு, மின்சாரம், பள்ளிக்கூடம் என்று நிறைய நடந்தது. ஆனால் வெளிநாட்டில் ஆள் இல்லாத ஊருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, அந்த ஊர்கள்தான் பெரும்பாலும் ஏழை ஊர்கள். தேவாலயத்துக்குப் பெயின்ட் அடிப்பதும் ஊர்ச் சதுக்கத்தை அழகாக்குவதும் முன்வரிசைக்கு வந்தன. பின்னால் வந்த அரசு மத்தியப் பங்கை நிறுத்தியதும் கதை முடிந்தது. வாசிக்கும்போது நம் ஊரைப் பற்றி யாரோ எழுதியது போல இருக்கும்.

இதற்கு நேர் எதிரான ஒரு மனிதர் இருந்தார், பெயர் ‘தான் கா கீ’. சீனாவின் சியாமென் நகருக்குப் பக்கத்து ஊர்க்காரர், சிங்கப்பூரில் ரப்பர் வியாபாரம் செய்து பெரும் பணக்காரரானவர். 1921இல் சியாமென் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார். அதோடு விட்டுவிடவில்லை, 16 வருடம் அதன் செலவைத் தாங்கினார். உலகப் பொருளாதார மந்தத்தில் அவருடைய வியாபாரமே சரிந்தது. அப்போதும் தாங்கினார். முடியாத கட்டத்தில், 1937இல், அரசிடம் ஒப்படைத்தார். கட்டடம் கட்டுவதைவிட ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பதுதான் பெரிய கொடை என்று தெரிந்த மனிதர். அப்படித் தனியாளாகச் செய்ய நம்மிடம் ஆள் இல்லை. ஆனால் சேர்ந்து செய்ய முடியும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் நம் கண்முன்னேயே இருக்கிறது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தைச் சொல்கிறேன். பழைய புத்தகம், சஞ்சிகை, பத்திரிகை என்று ஈழத்துத் தமிழ் அச்சில் வந்ததையெல்லாம் வருடி (ஸ்கான் செய்து) இணையத்தில் யாரும் இலவசமாக வாசிக்க வைக்கிறார்கள். பல நாடுகளில் இருக்கிறவர்கள் காசு போடுகிறார்கள், வேலை இங்கே இருக்கிற பிள்ளைகளுக்குப் போகிறது. அதற்கு ஒருநாளும் நாடா வெட்டி முடிக்க முடியாது, வேலை ஓயாமல் நடந்துகொண்டே இருக்கும். அதனால்தான் அது நின்றுபிடிக்கிறது என்று நினைக்கிறேன்.

புலம்பெயர்ந்தோருக்கென்று அரசு கடன்பத்திரம் வெளியிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 1998இல் அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு தடைகள் வந்த நேரத்தில் இந்தியா அப்படி வெளியிட்டு 400 கோடி டொலருக்கு மேல் திரட்டியது உண்மை. எத்தியோப்பியா 2008இல் தன் மின்சார சபைக்காக வெளியிட்டபோது வெளிநாட்டில் இருந்த எத்தியோப்பியர்கள் பெரிதாக வாங்கவில்லை. அரசை நம்பினால் பத்திரம் விற்கும், நம்பாவிட்டால் விற்காது. 2022 ஏப்ரலில் கை விரித்த ஒரு நாட்டின் பத்திரத்தை, 83ஐக் கண்டு ஓடியவர்களிடம் கொண்டுபோய் நீட்டினால் என்ன பதில் வரும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நம்பிக்கை என்ற இடத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2014இல் அரசு 16 புலம்பெயர் அமைப்புகளையும் 424 பேரையும் பயங்கரவாதப் பட்டியலில் போட்டது. 2015இல் சில அமைப்புகளை எடுத்தது, 2021இல் மறுபடி சேர்த்தது, 2022இல் மறுபடி எடுத்தது. இப்படிப் போட்டு எடுத்து விளையாடினால், பட்டியலில் இல்லாத ஒரு சாதாரண ஊர்ச் சங்கம்கூட வங்கிக் கணக்குத் திறக்கப் பயப்படும். இங்கே காசை வாங்குகிறவருக்கும் பயம். ஒரு கிணறு வெட்ட வந்த காசுக்கு மூன்று இடத்தில் விளக்கம் கொடுக்க வேண்டி வந்தால், அடுத்த தடவை அந்த மனிதர் கையெழுத்துப் போட வரமாட்டார்.

முதலீடு செய்ய வருகிறவர்களுக்குச் சட்டத்தில் சில முடிச்சுகள் உண்டு. 2014இன் 38ஆம் இலக்கக் காணிச் சட்டப்படி வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ள ஒருவர் இங்கே காணியை விலைக்கு வாங்க முடியாது. குத்தகைக்கு எடுக்கலாம், அதுவும் 99 வருடத்துக்கு மேல் இல்லை. தாய் தகப்பன் வழியாக உரிமையாக வருகிற காணிக்குத் தடையில்லை. இரட்டைக் குடியுரிமை இருந்தால் வாங்கலாம். 2011இல் நிறுத்திய இரட்டைக் குடியுரிமை 2015இல் மறுபடி தொடங்கியது. காசைக் கொண்டுவரும்போது உள்முக முதலீட்டுக் கணக்கு வழியாகக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் இலாபத்தைத் திரும்ப எடுத்துப் போகும்போது வங்கி கேள்வி கேட்கும். இதைத் தெரியாமல் மச்சானின் கணக்குக்குக் காசைப் போட்டு, மச்சான் பெயரில் காணியை எழுதி, பிறகு மச்சானோடு கோர்ட்டுக்குப் போனவர்கள் கதை நம் ஊரில் தெருவுக்கு ஒன்று கிடைக்கும். தன் சார்பில் இன்னொருவர் கையெழுத்துப் போட அற்றோணித் தத்துவம் கொடுக்கிறவர்கள் எதற்குக் கொடுக்கிறோம், எத்தனை காலத்துக்குக் கொடுக்கிறோம் என்று எழுதிக் கொடுங்கள், சும்மா ‘எல்லாவற்றுக்கும்’ என்று எழுதாதீர்கள்.

திருகோணமலையில் காணி உறுதிப் பத்திரத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. நிலம் அரச அனுமதிப்பத்திரக் காணியா, பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாறாதது. கடற்கரையா, கரையோரம் பேணல் திணைக்களத்தைக் கேட்க வேண்டும். காடு அண்டியதா, வனத் திணைக்களம். குச்சவெளி, திரியாய்ப் பக்கமா, தொல்பொருள் திணைக்களம். 2020இல் கிழக்கின் தொல்பொருளுக்கென்று ஜனாதிபதி செயலணியே அமைத்தார்கள். சம்பூர் மக்களைக் கேட்டால் நிலம் என்றால் என்னவென்று சொல்வார்கள். 2006இல் இடம்பெயர்ந்தவர்கள், ஊரைக் கைத்தொழில் வலயமாக்கியதைத் தூரத்தில் இருந்து பார்த்தார்கள், 2015இல்தான் திரும்பத் தொடங்கினார்கள். அனல்மின் நிலையத் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. பெரிய துறைமுகம், 99 எண்ணெய்க் குதங்கள், மாவாலை, சீமெந்து ஆலை எல்லாம் இருந்தும் இந்த மாவட்டத்துப் பிள்ளை வேலைக்குக் கட்டாருக்குப் போகிறது. பெரிய ஆட்களின் பெரிய திட்டங்களில் நமக்குக் கேட் காவல் வேலைதான் மிஞ்சுகிறது என்று ஆட்டோக்காரர் சொல்லும்போது மறுத்துப் பேச எனக்கு வராது.

அப்படியானால் சிறியதாக என்ன செய்யலாம்? மீனவர் ஊரான திருக்கடலூரில் காலையில் போய்ப் பாருங்கள். பெண்கள் கீரியையும் நெத்தலியையும் வலை விரித்துக் காயப்போடுவார்கள். காகம் விரட்ட ஒரு பிள்ளை தடியோடு நிற்கும். மழை இருண்டால் எல்லோரும் ஓடிவந்து அள்ளுவார்கள். அந்தக் கருவாட்டை வாங்க வருகிற மொத்த வியாபாரி சொல்வதுதான் விலை. அதே நேரம் ரொறன்ரோவின் ஸ்காபரோவிலும் லண்டனின் ஈஸ்ட்ஹாமிலும் தமிழ்க் கடைகளில் கருவாட்டுப் பைக்கற்றுக்கு என்ன விலை என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். நடுவில் இருக்கிற தூரம் கடல் அல்ல, காகிதம். ஐரோப்பாவுக்குள் மீன் போக வேண்டுமானால் அங்கீகாரம் பெற்ற பதனிடும் நிலையம் வேண்டும், மீன் எங்கே யார் பிடித்தது என்ற பதிவு வேண்டும். 2015 தொடக்கத்தில் இருந்து 2016 நடுப்பகுதி வரை இலங்கை மீனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டதும் சட்டவிரோத மீன்பிடியை ஒழுங்காகக் கண்காணித்துக் கட்டுப்படுத்தவில்லை என்றுதான். புலம்பெயர்ந்தவர்களில் எத்தனையோ பேர் ஐரோப்பாவில் உணவுத் தொழிற்சாலைகளில், குளிர்களஞ்சியங்களில், கடைகளில் இருபது முப்பது வருடம் வேலை செய்தவர்கள். கை எப்படிக் கழுவ வேண்டும், லேபலில் என்ன இருக்க வேண்டும், பெட்டி ஏன் திரும்பி வருகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தாங்கள் வெறும் கூலி வேலைதான் செய்தோம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். ஊருக்கு வந்தால் அந்த அறிவைப் பெட்டியைத் திறந்து வெளியே எடுப்பதில்லை, சொக்லேட்டைத்தான் எடுக்கிறார்கள். வெயில் உலர்த்திக் கூடாரம் ஒன்றும், பொதி செய்ய ஒரு சுத்தமான அறையும், அதற்கு மேல் மூன்று வருடம் விடாமல் வாங்குவேன் என்று சொல்லும் ஒரு கடைக்காரரும் கிடைத்தால் திருக்கடலூர் தன் பாட்டைப் பார்த்துக்கொள்ளும்.

நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை யூலை, ஓகஸ்ட்டில். நமக்கு அப்போது கச்சான் காற்றும் தெளிந்த கடலும். நிலாவெளி, உப்புவெளி விடுதிகள் நிரம்பி வழிகிற காலம். ‘இந்த முறை பிள்ளைகளுக்கு இங்கிலிஷ் சொல்லிக் கொடுக்கிறோம்’ என்று ஆசையாக வருவார்கள். வந்து பார்த்தால் ஓகஸ்ட்டில் இங்கேயும் பள்ளிக்கூடம் விடுமுறை விட்டுவிடும்! இரண்டு கிழமை புறாத்தீவு, கன்னியா, கோணேசர் கோயில் என்று சுற்றிவிட்டுக் குற்ற உணர்வோடு ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்தப் பிள்ளைகள் லண்டனில் இருந்தபடியே சனிக்கிழமை மாலை ஒரு மணித்தியாலம் சூமில் வந்தால் அது எவ்வளவோ மேல். வாரம் ஒரு தடவை, வருடம் முழுவதும். ஆனால் அதைப் படம் எடுத்துப் போட அவ்வளவு நன்றாக இருக்காது.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமான விஷயம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இந்த மாவட்டத்தில் முஸ்லிம்கள் சுமார் 40 வீதம், தமிழர் 30 வீதத்துக்குச் சற்று மேல், சிங்களவர் 27 வீதம் அளவில். வெளிநாட்டுக் காசோ ஊர், கோயில், பள்ளிவாசல், பழைய மாணவர் சங்கம் என்ற கோடுகளிலேயே வருகிறது. தன் பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பது இயற்கை, அதைத் தப்பென்று சொல்லவில்லை. நகரத்துப் பெரிய கல்லூரிகளுக்கு ரொறன்ரோவிலும் லண்டனிலும் பழைய மாணவர் கிளைகள் உண்டு. ஈச்சிலம்பற்றுப் பக்கத்து வித்தியாலயத்தில் படித்தவர் எத்தனை பேர் கனடா போனார்கள்? மெக்சிக்கோவில் நடந்ததேதான் இங்கேயும். ஆஸ்பத்திரி மட்டும்தான் யாருடைய சங்கத்துக்கும் சொந்தமில்லாதது. டயலிசிஸ் வார்ட்டில் மூன்று சமூகத்தவரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில்தான் படுத்திருக்கிறார்கள். இயந்திரம் கொடுக்கிறவர்கள் அதன் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் சேர்த்துக் கொடுத்தால், அந்த ஒரு காரியமே எத்தனையோ நல்லிணக்கக் கூட்டத்துக்குச் சமம்.

மூதூர்ப் பக்கத்துக் கணினி அறைக்கு வருகிறேன். போன வருடக் கடைசியில் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த பதினாலு பேர் ஒரு வட்ஸ்அப் குழு தொடங்கினார்கள். சிலர் கட்டாரில், சிலர் பிரான்சில், ஒருவர் கொழும்பில். ஆளுக்கு மாதம் 2,000 ரூபாய், மொத்தம் 28,000. அதில் கரண்ட் பில்லும், கிழமைக்கு மூன்று நாள் வந்து படிப்பிக்கிற தொண்டர் ஆசிரியை ஒருவரின் கொடுப்பனவும் அடங்கிவிடுகிறது. அவர் பக்கத்து ஊர்ப் பிள்ளை, டிப்ளோமா முடித்துவிட்டு வீட்டில் இருந்தவர். 12 கணினிகளில் ஏழு வேலை செய்கின்றன. ஏசியைப் போடுவதில்லை, ஜன்னலுக்கு நெட் அடித்திருக்கிறார்கள். ஒவ்வொரு மாதமும் பில்லைப் படம் எடுத்துக் குழுவில் போடுவது அதிபரின் வேலை. குழுவில் ஒருவர் இரண்டு மாதம் கட்டவில்லை, அதைப் பற்றி ஒரு சின்னச் சண்டையும் நடந்தது. அறையின் திறப்பு இப்போது அந்தத் தொண்டர் ஆசிரியையின் கைப்பையில் இருக்கிறது. இந்த மாதப் பில் இன்னும் வரவில்லை, மீட்டர் பார்க்கிறவர் வெள்ளிக்கிழமைதான் அந்தப் பக்கம் வருவாராம்.